கடல் பக்கத்துப் பதில்

அக்ரா
11 பிப்ரவரி 1987

அன்புள்ள கமெலி அண்ணா,

வீடு எழுந்ததா? அம்மா எழுந்தாளா? அண்ணியும் பிள்ளைகளும் எழுந்தார்களா? நான் எழுந்தேன். இருமல் போய்விட்டது.

ஒரு செய்தி. துறையில் பழைய ஒலிநாடாக்களை வரிசைப்படுத்தும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று ஒரு பெட்டி. மூடியில் பென்சில் எழுத்து. அட்ரகோப்பே, 1959, ஹாலோ. நம் ஊர்.

ஓட்டிக் கேட்டேன். அப்பா பாடுகிறார். அவர் சாகும்போது எனக்கு நாலு வயது. குரலை அடையாளம் கண்டேன் என்று சொன்னால் பொய். பாட்டின் நடுவே யாரோ அவர் பெயரைக் கூவுகிறார்கள், அதனால்தான் தெரிந்தது. நாடாவைப் பின்னால் சுற்றி அந்த இடத்தை மறுபடி கேட்டேன்.

காயல் பக்கமும் கடல் பக்கமும் முரசடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பாட்டிலேயே திட்டிக்கொண்ட கடைசி ஹாலோப் போட்டி அது. மறுவருஷம் தடை வந்துவிட்டது. என் ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன். பேராசிரியர் தெத்தே ஒரே நிபந்தனை வைத்தார். பாட்டுக் கட்டியவர்களின் வாரிசுகள் இரண்டு பக்கமும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், அக்டோபருக்குள். காயல் பக்கத்துக்குக் கட்டியவர் அப்பா, எனவே நீ. கடல் பக்கத்துக்குக் கட்டியவர் அம்மாவின் அண்ணன் சென்யோ மாமா. அவர் இல்லாததால் அட்ஜோ பெரியம்மா.

ஒரு கேள்வி. அப்பாவின் கடைசிப் பாட்டு முழுதாக இருக்கிறது. அதற்குக் கடல் பக்கம் பாடிய பதில் இரண்டே வரி.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பானை போனது,
எதிர்வீட்டு முற்றத்தில் அது ஒழுகுகிறது.

பிறகு நாடா தீர்ந்து வெறும் இரைச்சல். மீதி என்ன? உனக்கு அப்போது எட்டு வயது. ஞாபகம் இருக்குமே.

எல்லாரும் நலமாக எழுந்துகொண்டே இருங்கள்.

எசினாம்

*

அட்ரகோப்பே
8 மார்ச் 1987

அன்புள்ள எசினாம்,

எல்லாரும் எழுந்தோம். அம்மாவின் முழங்கால் மட்டும் தாமதமாக எழுகிறது.

வெங்காயம் இந்தத் தடவை சின்னதாகத்தான் வந்திருக்கிறது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. வாளி வாளியாக இறைத்து உப்பையே பாத்திக்கு ஊற்றுகிறேன். கடல் இன்னும் இரண்டு வீட்டைத் தின்றது. இரண்டும் கடல் பக்கத்து வீடுகள். நம் ஆட்கள் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை, ஆனால் நம் எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

ஃபோலியின் லாரியில் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அவன் நிலையத்தில் அதைத் திறந்து தின்றிருந்தால் எனக்கு எழுது.

அக்டோபருக்குள் கல்யாணம் செய்யும் யோசனை ஏதாவது இருந்தாலும் எழுது. மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

உன் உடம்பு உன்னோடு இருக்கட்டும்.

கமெலி

*

அக்ரா
20 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

எழுந்தீர்களா எல்லாரும்? கருவாடு வந்தது. ஃபோலி பாதியைத் தின்றிருக்கிறான்.

நான் கேட்டது கருவாடு அல்ல.

ஒரு பக்கம் முழுக்க வெங்காயம், உப்பு, கடல், லாரி. அப்பாவின் குரலைக் கேட்டேன் என்று எழுதினேன். எப்படி இருந்தது என்றுகூட நீ கேட்கவில்லை. மறந்துவிட்டாயா, மறந்ததுபோல் இருக்கிறாயா? இரண்டில் எது என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

மறுபடியும் சொல்கிறேன். அக்டோபருக்குள் கையெழுத்து இல்லை என்றால் பெட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும். எனக்கு உதவித்தொகை நின்றுவிடும். ஊருக்கு வந்து உன் உப்புக் கிணற்றில் வாளி இழுப்பேன். உனக்கு அதுதான் வேண்டுமென்றால் நேரே சொல்.

அந்தப் பானைப் பாட்டு முழுதாக வேண்டும். அதில் என்ன அப்படிப் பெரிய விஷயம்?

அம்மாவின் முழங்காலுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதற்கு உங்களிடம் பஞ்சமில்லை.

எசினாம்

*

அட்ரகோப்பே
26 ஏப்ரல் 1987

எசினாம்,

எழுந்தோம்.

அந்தப் பானை அம்மா.

இப்போது தெரிந்ததா என்ன பெரிய விஷயம் என்று?

அந்த இரண்டு வரியை நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் கேட்டவன். கடல் பக்கத்துப் பையன்கள் வேலிக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். "ஒழுகுது, ஒழுகுது, கமெலியோட சட்டை நனையுது!" சட்டை அவர்களாகச் சேர்த்தது. நான் கல்லெடுப்பேன். ஆசிரியர் என்னைத்தான் அடிப்பார்.

நீ அதை ஆராய்ச்சி என்கிறாய். வைத்துக்கொள். அம்மா இருக்கிறவரை அந்தப் பெட்டி இந்த ஊர்ப் பக்கம் வரக் கூடாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாளி இழுக்க வந்தால் வா, கயிறு புதிதாகத்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சொல்ல வேண்டுமே என்று சொல்லவில்லை.

கமெலி

*

அக்ரா
3 மே 1987

அன்புள்ள அண்ணா,

உங்கள் எல்லாருடைய தூக்கமும் நன்றாக இருந்ததா?

உன் கடிதத்துக்குப் பிறகு அப்பாவின் பாட்டை மறுபடியும் ஓட்டினேன். முன்பு மெட்டைக் கேட்டேன். இந்தத் தடவை சொல்லைக் கேட்டேன்.

அபிஜானில் வலை இழுத்தேன் என்கிறான் சென்யோ.
லோமே சிறையின் ஜன்னலுக்கு எத்தனை கம்பி?
சென்யோவைக் கேள், எண்ணி வைத்திருக்கிறான்.

கூட்டம் சிரிக்கிறது. வெகுநேரம். அந்தச் சிரிப்பை நான் முன்பு தாளத்தின் பகுதி என்று குறித்துவைத்திருந்தேன்.

மாமா சிறையில் இருந்தது அவர் கூடப்பிறந்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பெரியம்மா சொல்லியிருக்க மாட்டாள். அப்படியென்றால் காயல் பக்கத்துக்கு வாழவந்த தங்கை யாவா. நம் அம்மா. அப்பாவிடம்.

பெரியம்மா வீடு நம் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். அவள் நம் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. எல்லா ஊரிலும் பெரியம்மாக்கள் அப்படித்தான் என்று நினைத்தேன்.

சரி. அந்தப் பாட்டை விட்டுவிடுகிறேன். வேறு தலைப்பு தேடுகிறேன்.

ஆனால் ஒன்று. உன் கடிதம் வருவதற்கு முன்பே துறையிலிருந்து பெரியம்மாவுக்குக் கடிதம் போய்விட்டது. நாடாவில் இருக்கும் பாட்டெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. பேராசிரியர் என்னிடம் கேட்காமல் அனுப்பிவிட்டார். திட்டுவதாக இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டு. இந்த வாரம் என்னால் தாங்க முடியாது.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

எசினாம்

*

அட்ரகோப்பே
30 மே 1987

அன்புள்ள எசினாம்,

எழுந்தோமா என்று கேட்காதே. தூங்கினால்தானே எழுவதற்கு.

உன் பேராசிரியர் கடிதம் வந்து சேர்ந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தேவாலயத்து உபதேசியார் கரையில் வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். வலை இழுக்கிற கூட்டம் முழுக்கக் கேட்டது. நான் கத்தியைத் தேடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒருவனும் மாமாவின் சிறையைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் கோபம் வேறு. பதில் பாட்டு ஏன் இரண்டு வரியில் நிற்கிறது என்பதுதான்.

மறுநாள் வெங்காயம் ஏற்றப் போனேன். வலைக்காரர் எட்சே வழி மறித்தார்.

"ஏம்ப்பா கமெலி, அக்ராவுல நீங்க ஜெயிச்சிட்டீங்களாமே?"

"யாரும் ஜெயிக்கல. நாடா தீர்ந்துபோச்சு."

"எங்க பாட்டு வந்ததும் மட்டும் தீந்துபோச்சாக்கும்? பதிவு பண்ண வந்தவனுக்கு ஒங்க பக்கம் கோழி அடிச்சுப் போட்டீங்க. அவன் கை ஒங்க முரசுலேயே நின்னுச்சு. எங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு அப்ப எட்டு வயசு மாமா."

"எட்டு வயசுலயே நீயும் ரெண்டு துண்டு தின்னே. நான் பாத்தேன்."

இப்படி ஒரு ஊர். அரசாங்கக் கட்டடத்துப் பெட்டியில் தங்கள் பக்கம் பேச்சு மூச்சில்லாமல் தோற்று நிற்பதுபோல் இருக்கிறதாம். பதிலை முழுதாகப் பதிந்தால்தான் சம்மதமாம். இருபத்தெட்டு வருஷம் கழித்து!

அது மட்டும் என்றால் பரவாயில்லை. வியாழக்கிழமை பெரியம்மா நம் வாசலுக்கு வந்தாள். ஆம், வந்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. வெளியே நின்று என்னைப் பார்த்துப் பேசினாள். சத்தம் மட்டும் வீட்டுக்குள்ளே.

"ஒன் தங்கச்சிகிட்டச் சொல்லு. மிஷினைக் கொண்டாரச் சொல்லு. முழுசாப் பாடுவோம். கேக்கப் பிடிக்காதவங்க காதைப் பொத்திக்கட்டும்."

அம்மா உள்ளே மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம்கூட நிற்கவில்லை.

போதுமா உனக்கு? ஆய்வு நன்றாக நடக்கிறதா?

கமெலி

*

அக்ரா
14 ஜூன் 1987

அன்புள்ள அண்ணா,

தூங்கினீர்களா?

உன் கடிதத்தைப் பேராசிரியரிடம் சொன்னேன். நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "சமூகமே ஆவணத்தைத் திருத்துகிறது!" என்றார். இரண்டு தடவை. நம் வீட்டில் ஒருத்தி மரவள்ளி சீவிக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் குறித்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்டில் பதிவுக் கருவியோடு என்னை அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். வாய் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா? உன்னிடம் பொய் சொல்லிப் பயனில்லை. எனக்கும் அந்தப் பாட்டு முழுதாகக் கேட்க வேண்டும்.

அம்மா ஏதாவது சொன்னாளா? அவளுக்கு வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உண்மையாக.

முழங்கால் எப்படி?

எசினாம்

*

அட்ரகோப்பே
19 ஜூலை 1987

எசினாம்,

முழங்கால் பரவாயில்லை. வீட்டில் பரவாயில்லாதது மற்ற எல்லாம்.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "கடல் பக்கத்துக்கு அவ வரட்டும், மழை வராம இருந்தாச் சரி" என்றாள். அன்றிலிருந்து அக்ப்ளேக் களியில் உப்பு அள்ளிப் போடுகிறாள். உன் அண்ணி வாயைத் திறக்கப் பயப்படுகிறாள். பிள்ளைகள் எதிர்வீட்டில் சாப்பிடுகிறார்கள்.

மாலையானால் கடல் பக்கத்தில் ஒத்திகை. காற்று எல்லாவற்றையும் நம் முற்றத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. சகிக்கவில்லை. முதல் இரண்டு வரி சரியாக வருகிறது. பிறகு தெரியாது. பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு ஆளுக்கொரு அடி ஞாபகம். ஓட்டையில் சாவுப்பாட்டு வரியைச் சொருகுகிறார்கள். ஒரு நாள் தேவாலயப் பாட்டு வந்தது. தினமும் அதே இடத்தில் தடுக்கி, தினமும் தலையிலிருந்து தொடங்குகிறார்கள். பானை, பானை, பானை.

தடுக்கும் இடம் வந்ததும் அம்மா நாக்கைச் சொடுக்குகிறாள். ஒவ்வொரு தடவையும். அவமானம் தாங்காமல் என்று உன் அண்ணி சொல்கிறாள். இருக்கும்.

நீ வரும் வாரம் நான் லோமே சந்தைக்குப் போகிறேன். வெங்காயம் காத்திருக்காது. எனக்கு அங்கே நின்று கேட்கும் தெம்பு இல்லை. எட்டு வயதில் ஒரு தடவை கேட்டது போதும்.

அம்மாவை அன்றைக்கு வீட்டுக்குள் வைத்துக்கொள். அதையாவது செய்.

கமெலி

*

அக்ரா
6 செப்டம்பர் 1987

அன்புள்ள அண்ணா,

லோமேயிலிருந்து நல்லபடியாகத் திரும்பியிருப்பாய். எழுந்தாயா?

உன் பயணம் நீண்டதால் நேரில் சொல்ல முடியவில்லை. அம்மா உன்னிடம் எவ்வளவு சொல்லியிருப்பாள் என்று தெரியாது. ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டாள். நடந்தபடியே எழுதுகிறேன்.

அன்று அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். அண்ணியைக் காவல் வைத்தேன். கடல் பக்கத்து வேப்பமரத்தடியில் பலகைகளைப் போட்டிருந்தார்கள். முரசுகள் தயார். தென்னங்கள்ளைத் தரையில் ஊற்றி முன்னோரை அழைத்தார்கள். எட்சே மாமா என் கருவியைத் தட்டிப் பார்த்து, "இது முழுசா ஓடுமா, இல்ல இதுக்கும் கோழி அடிக்கணுமா?" என்றார். சிரிப்பு. நானும் சிரித்தேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

பெரியம்மா எழுந்து தொடங்கினாள். முதல் வரி. இரண்டாம் வரி. நாடாவில் முடிந்த இடத்தைத் தாண்டியது. மூன்றாம் வரியில் வழக்கம்போல் தடுக்கியது.

"அப்படி இல்ல."

எனக்குப் பின்னால். அம்மா. பண்டிகைத் துணி கட்டியிருந்தாள், அந்த நீலம். முரசு நின்றது.

"என்னடி அப்படி இல்ல?" பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்க ஒழுகல் வராது. ஒழுகல் ரெண்டாம் அடியோட முடிஞ்சுபோச்சு. நீங்க தினம் தினம் அதையே போட்டு அடிச்சுக்கிட்டிருக்கீங்க. காது வலிக்குது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைப் பத்தின பாட்டு அட்ஜோ. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

எட்சே மாமா மட்டும் மணியை மெல்லத் தட்டினார், தாளம் கலையாமல் இருக்க. அம்மா வட்டத்துக்குள் வந்தாள். பாடினாள். தனியாக, தன்னைத் திட்டும் பாட்டை, முழுதாக.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பானை போனது,
எதிர்வீட்டு முற்றத்தில் அது ஒழுகுகிறது.
குடித்தவன் தாகம் தீர்ந்து பாட்டுக் கட்டினான்,
பானைக்கு ஒரு வாய் மிச்சம் வைத்தானா?
ஒழுகினாலும் மண் எங்கள் மண்.
உடைந்தால் சில்லை இங்கே கொண்டுவந்து போடு.

மூன்றாம் வரியில் கிழவர்களுக்கு ஞாபகம் வந்தது. ஒருவர், பிறகு இருவர். கடைசி அடியில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பெரியம்மா மட்டும் பாடவில்லை. பாட்டு முடிந்து முரசு ஓயும்வரை காத்திருந்தாள்.

"அவ்வளவும் தெரிஞ்சும் வரல பாத்தியா. திமிரு."

"கூப்பிட்டியா நீ?"

"பாட்டுலயே கூப்பிட்டோமேடி! கடைசி அடி என்னன்னு நெனச்சே?"

"திட்டிக்கிட்டே கூப்பிட்டா எவ வருவா?"

"அண்ணனைக் காட்டிக்குடுத்தவளைத் திட்டாம வேற எப்படிக் கூப்பிடறது யாவா?"

அம்மா குனிந்து மணலைப் பார்த்தாள். பிறகு, என்னிடமா பெரியம்மாவிடமா என்று தெரியாமல் சொன்னாள்: "சிறைன்னுதான் சொன்னேன். மனசு தாங்காமச் சொன்னேன். கம்பியெல்லாம் அவரு கட்டினது."

பெரியம்மா நகர்ந்து பலகையில் இடம் விட்டாள். முனகிக்கொண்டே. அம்மா முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். அதுவும் முனகிக்கொண்டே.

எல்லாம் பதிவாகியிருக்கிறது, சண்டையும் சேர்த்து. பேராசிரியர் பாட்டை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்கிறார். நான் வெட்டப் போவதில்லை. பாட்டு எங்கே முடிந்து பேச்சு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா கட்டைவிரல் வைத்துவிட்டாள். இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி. காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

எசினாம்

*

அட்ரகோப்பே
4 அக்டோபர் 1987

அன்புள்ள எசினாம்,

எழுந்தோம். விடிவதற்கு முன்பே. பெரியம்மா எழுப்பிவிடுகிறாள்.

தினமும் வருகிறாள். காலையில் கஞ்சி குடிக்க. குடித்துக்கொண்டே இருவரும் நாலாம் அடிக்குச் சண்டை. ஒரு வாயா, ஒரு மடக்கா என்று. மாமா கட்டியது மடக்குதான் என்கிறாள் பெரியம்மா. வாய் என்று பாடிப் பதிவு பண்ணி ஊரைக் கெடுத்துவிட்டாளாம் அம்மா. நீ திரும்ப வந்து பதிய வேண்டுமாம். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் இந்த வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

அக்ப்ளேயில் உப்பு சரியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டில் சாப்பிடுகிறார்கள்.

அந்தக் கடைசி இரண்டு அடி. போட்டியன்று கேட்டிருப்பேன், மனதில் நின்றது ஒழுகல் மட்டும். வேலிக்குப் பின்னால் நின்றவன் ஒருவனும் அதை எனக்குப் பாடவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது. ஒழுகல்தான் பையன்களுக்குப் பிடிக்கும். நான் பாதிப் பாட்டுக்கு இத்தனை நாள் கல்லெடுத்திருக்கிறேன்.

கையெழுத்து உள்ளே இருக்கிறது. மை சிந்தியது கோபத்தில் அல்ல, பேனா அப்படி.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. இப்போது நம் பக்கத்துக்காரர்கள் என் வாசலில். கடைசியாகக் கடல் பக்கம் பாடியதோடு அரசாங்கப் பெட்டி மூடுகிறதாம். காயல் பக்கம் வாயடைத்துப்போனதாக அர்த்தமாம். எதிர்வீட்டுக்காரர் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்: "ஒங்கப்பன் இருந்தா விட்டிருப்பானா? நீ கட்டு. ஒனக்கு அந்த ரத்தம் இருக்கு." எனக்கு இருப்பது உப்புக் கிணறு. தடை இருக்கிறது என்றேன். "தடை சண்டைக்கு. இது ஆராய்ச்சி" என்கிறார். உன் வேலைதான் இதெல்லாம்.

முடியாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வரி வந்திருக்கிறது. பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போது வந்தது. நேற்று சாயங்காலம் அம்மாவிடம் பாடிக்காட்டினேன். முதல் வரிக்குத் தலையாட்டினாள். இரண்டாவதில் காரம் போதாதாம். கடல் பக்கத்தில் குத்துவதற்கு நல்லதாக ஒன்று வேண்டுமே என்று அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவே இல்லை, எசினாம்.

மரவள்ளியைக் கீழே வைத்தாள். கத்தியையும் வைத்தாள்.

"இந்தத் தடவ என்கிட்ட எதுவும் கேக்காத" என்றாள்.

நெத்திலி ஃபோலியிடம். இந்த முறை அவனுக்குத் தனியாக ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன், உன்னுடையது முழுதாக வந்து சேரும்.

கமெலி